அரிசிச் சாக்குக்குள் கிடந்த வோக்கி

அண்ணை அந்த வோக்கியை, அதுதான் கையில் பிடித்துக் கதைக்கிற வோக்கி டோக்கியை, எடுத்தவுடன் கண்ணை மூடிக்கொண்டார். மாதர் சங்கக் கட்டடத்து நீட்டு மேசையில் மூன்று விதமான வோக்கிகளை வியாபாரி பரப்பி வைத்திருந்தான். மற்றவர்கள் எல்லாரும் குனிந்து குனிந்து அதுகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, என்ரை அண்ணை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணை மூடி, பெருவிரலால் தடவிப் பார்த்தார். திருகுகிற குமிழ் எங்கே, அமத்துகிற கட்டை எங்கே, பற்றரி போடுகிற மூடி எந்தப் பக்கம் திறக்கும் என்று எல்லாவற்றையும் விரலாலேயே விசாரித்தார். வியாபாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயா, கண்ணைத் திறந்து பாருங்கோவன். கலரிலை எழுத்தெல்லாம் வருது." அண்ணை கண்ணைத் திறக்கவில்லை. "மழைக்கை கலர் ஆருக்குத் தெரியும், தம்பி?" என்றார்.

சாவகச்சேரியிலிருந்து பரவைக் கடல் பக்கமாக இறங்கி வந்தால் எங்கடை ஊர் வரும். ஊர் இரண்டு துண்டு. நடுவிலே ஒரு வாய்க்கால், அதுக்கு மேலால் ஒரு தாம்போதி, தாழ்ந்த கல்லுப் பாலம். மாரியில் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயத் தொடங்கினால் அங்கால் உள்ளவன் அங்காலேதான், இங்கால் உள்ளவன் இங்காலேதான். அதற்கு முதல் வருடத்துப் புயலில் கரண்டும் போய், போன் கோபுரங்களும் செத்து, எல்லாருடைய கைத்தொலைபேசியும் வெறும் கண்ணாடித் துண்டாகக் கிடந்தது. அங்கால் கரையில் ஒருத்தி கையைக் கையைக் காட்டிக் கத்தியதையும், இங்கால் நின்ற எங்களுக்கு ஒரு சொல்லும் கேளாததையும் நான் மறக்கவில்லை. அதுக்குப் பிறகுதான் எங்கடை விதானையார், ஊருக்குப் பொறுப்பான அரசாங்க உத்தியோகத்தர், இந்த யோசனையைக் கொண்டுவந்தா. விதானையார் என்றால் பெரிய மீசையோடு ஒருவரை நினைக்கவேண்டாம். முப்பது வயதுப் பெண்பிள்ளை, ஸ்கூட்டரில் வருவா. மூன்று வோக்கி வைத்திருக்கக் மாவட்டத்துக் கச்சேரி அலுவலகத்தில் இருந்து அனுமதிக் கடிதமும் எடுத்துவிட்டா. எதை வேண்டுவது என்று சங்கம் தீர்மானிக்கட்டும் என்று சொன்னா. சங்கத் தலைவி நான். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவள்தான், ஆனால் இருபது வருடமாக என்னை எழுப்பிவிட்டு வேறொருத்தியை அந்தக் கதிரையில் வைக்க ஊருக்கு மனம் வரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனக்கு அந்தச் சாமானைக் கண்ட நேரமே பிடிக்கவில்லை. எங்கடை வயதுக்காரருக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. சின்ன ரோச்சுக்குப் போடுகிற பென்ரோச் பற்றரி ஒன்று சட்டைப் பைக்குள் இருந்தாலே ஆமிக்குப் பதில் சொல்லவேண்டிய சண்டைக் காலம் ஒன்று இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றி, அதில் வருகிற கரண்டில் ரேடியோச் செய்தி கேட்ட வீடுகள் எங்கடை. வீட்டுக்குள் ஒரு துண்டு வயர் கிடந்தாலும் சுற்றிவளைப்புக்கு முதல் அதைப் பொறுக்கிக் கிணற்றில் போடுவோம். வோக்கி என்ற சொல்லை வாயால் சொல்லவே மாட்டோம். அது இருக்கிற வீட்டில் பிறகு ஆம்பிளைகள் இருக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட சாமானை இப்போது ஒருவன் மேசை விரித்து, பல்லைக் காட்டி, "எடுத்துப் பாருங்கோ அம்மா" என்கிறான். விற்க வந்தவன் சிரித்தால் நான் அவன்ரை பல்லை எண்ணுகிறவள். கச்சேரிக் கடிதத்தையும் விதானையாரைக் கொண்டு இரண்டு தரம் வாசிப்பித்தேன். கீழே இருந்த முத்திரையை விரலால் தேய்த்தும் பார்த்தேன்.

"தம்பி, நாங்கள் இதிலை கதைக்கிறது வேறை ஆருக்கும் கேக்குமோ?" என்று கேட்டேன்.

"சீ சீ, ஒருத்தருக்கும் கேளாதம்மா. உங்கடை மூண்டு பேருக்குள்ளைதான்."

அண்ணை அப்போதுதான் கண்ணைத் திறந்தார். "பொய் சொல்லாதையும். இதே அலைவரிசையிலை ஆர் திறந்து வைச்சிருந்தாலும் கேக்கும். கேக்கவும் வேணும். தண்ணிக்கை தாழுறவன் கத்தேக்கை ஆருக்குக் கேக்குது எண்டு பாத்தே கத்துவான்?" என்றார். வியாபாரியின் பொய்யைவிட அண்ணையின் உண்மைதான் என்னைக் கூடப் பயப்படுத்தியது.

அண்ணைக்கு இது எல்லாம் எப்படித் தெரியும் என்றால், அவர் இளமையில் காங்கேசன்துறையில் சீமெந்துக்குக் கல்லுடைக்கிற குழியில் வேலை செய்தவர். வெடி வைக்க முதல், ஆட்கள் எல்லாரும் விலகியாச்சு என்று மேலே நிற்கிறவனுக்குக் கையில் வைத்திருந்த கருவியால் சொல்லுவது அவரின் வேலை. ஒரு சொல் பிழைத்தால் உயிர் போகும். அதனால் அவருக்கு அலங்காரம் பிடிக்காது. அதே குழியில் விழுந்த கல்லொன்றுதான் அவரின் இடது காலையும் நொண்டியாக்கியது. வயது எண்பதுக்குக் கிட்ட. மனைவி போய்விட்டா, பிள்ளைகள் வெளிநாட்டில். தாம்போதிக்கு அங்காலே மூன்று ஆட்டோடு தனியாக இருந்தார். "இஞ்சாலை வந்து என்னோடை இருங்கோவன்" என்று நான் கேட்காத மாரி இல்லை. "உன்ரை சமையலுக்கு வெள்ளம் பரவாயில்லை" என்பார்.

தெரிவு செய்ய ஒரு நாள் முழுவதும் எடுத்தோம். கலர் வோக்கியில் விதானையார் எதையோ தெரியாமல் அமத்த, அது வேறு ஏதோ அலைவரிசையில் போய் நின்றுகொண்டது. அதைப் பழையபடி கொண்டுவர வியாபாரிக்கே கனநேரம் எடுத்தது. நெற்றி வேர்த்துவிட்டது அவனுக்கு. "உமக்கே உவ்வளவு நேரமெண்டால், தண்ணிக்கை நிக்கிறவள் என்ன செய்வாள்?" என்று கேட்டேன். இரண்டாவது, மெல்லியது, பார்க்க லட்சணம். நான் கையில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு வந்து பிடித்துப் பார்த்தேன். மீன் மாதிரி வழுக்கியது. பிறகு தவறி விழுந்தது போல நானே நிலத்தில் விழுத்தினேன். மூடி ஒரு பக்கம், பற்றரி ஒரு பக்கம். வியாபாரி "ஐயோ அம்மா!" என்று தலையில் கை வைத்தான். மூன்றாவது தடித்தது, கறுத்தது, வடிவே இல்லாதது. மேலே ஒரு குமிழ், பக்கத்தில் ஒரு கட்டை, அவ்வளவுதான். கடையில் விற்கிற பென்ரோச் பற்றரியே போடலாம், கரண்டில் செருகத் தேவையில்லை. அதையும் விழுத்தினேன். எழும்பி நின்று என்னைப் பார்ப்பது போல இருந்தது. விதானையார் அண்ணையை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அங்கால் கரைக்குப் போனா. நடுவில் பனங்காடு. வியாபாரி சொன்ன மைல் கணக்கு எல்லாம் பனைக்குப் பின்னால் வராது என்று அண்ணை முதலே சொல்லியிருந்தார். ஆனாலும் அந்தக் கறுத்தப் பெட்டிக்குள்ளால் அவர் குரல் தெளிவாக வந்தது. "தங்கச்சி, அண்ணை கதைக்கிறன். வீட்டிலை நிக்கிறன். கேக்குதோ?"

"ம்," என்றேன்.

அதுதான் எனக்கு வந்த சொல். பெயர் சொல்லக்கூடாது, இடம் சொல்லக்கூடாது என்பது எங்கடை எலும்பில் ஊறிய பழக்கம். ஒன்று அண்ணைக்கு, ஒன்று எனக்கு, ஒன்று விதானையாருக்கு என்று பிரித்து, காலையும் மாலையும் கோயில் மணி கேட்டவுடன் ஒருதரம் கதைத்துப் பார்ப்பது என்று முறை வைத்தோம். அண்ணை ஒவ்வொரு நாளும் ஆர், எங்கே என்று முழுதாகச் சொல்லுவார். நான் "ம்" என்பேன். ஒருநாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆடு கூட மே எண்டு சொல்லித் தான் ஆடெண்டு காட்டுது. நீ என்ன பிறப்படி?" என்று ஏசினார். விதானையாரும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறா. அவவின் சிரிப்பு பெட்டிக்குள்ளால் வந்தது. எனக்கு அவமானமாய்ப் போனது. கேட்டீர்களா, எல்லாருக்கும் கேட்கும் என்று பயந்தேனே என்று அன்றைக்கும் நினைத்தேன்.

அந்த மாரியில் வந்த மழை மூன்றாம் நாள் காலையில் தாம்போதியை மூடியது. கரண்டும் இல்லை, போனும் இல்லை. பள்ளிக்கூட மண்டபத்தில் இங்கால் சனத்தைச் சேர்த்து, சங்கத்துப் பெண்களோடு நான் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். விதானையார் சாவகச்சேரிக்குப் போன இடத்தில் அகப்பட்டுவிட்டா. வோக்கி என்ரை இடுப்பில், சேலைக்குள். விடிய அண்ணை கதைத்தபோது தண்ணீர் படியில் நின்றது. பிறகு குசினிக்குள் வந்தது. "ஆடுகளைக் கட்டிலிலை ஏத்திப் போட்டன். அதுகளுக்கு இண்டைக்குக் கலியாணம்," என்று பகிடி விட்டார். அடுத்த முறை பகிடி இல்லை. "முழங்காலுக்கு வந்திட்டுது, தங்கச்சி. என்ரை காலோடை இதுக்குள்ளாலை நடக்கேலாது. வள்ளம் ஏதும் வந்தால் என்னைப் பற்றிச் சொல்லு. நான் திறந்து வைச்சுக்கொண்டுதான் இருக்கிறன்."

"ஓம்," என்றேன். "ம்" இல்லை, அன்று "ஓம்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் வள்ளம் வந்தது. உழவு மெசினின் பின்பெட்டியில் வள்ளத்தை ஏற்றிக்கொண்டு சீருடைக்காரர் ஐந்தாறு பேர் பள்ளிக்கூட வாசலில் வந்து இறங்கினார்கள். உதவிக்குத்தான் வந்தார்கள். அது எனக்குத் தெரியும். தலையிலிருந்து மழை வடிய, நனைந்த கோழிகள் மாதிரித்தான் நின்றார்கள். ஆனால் என்ரை கைக்கு அது தெரியவில்லை. கை தானாக இடுப்புக்குப் போய், குமிழை அணைத்து, பக்கத்தில் திறந்து கிடந்த அரிசிச் சாக்குக்குள் வோக்கியைத் திணித்து, மேலே அரிசியைத் தள்ளி மூடியது. எவ்வளவு வேகம்! முப்பது வருடம் முதல் இருந்த வேகம் குறையவேயில்லை. அவர்களில் மூத்தவன் என்னிடம் வந்து, தெரிந்த தமிழில், "அம்மா, அந்தப் பக்கம் ஆள் இருக்கா?" என்று கேட்டான்.

"இல்லை," என்றேன். "ஒருத்தரும் இல்லை."

யோசித்துச் சொன்ன பொய் என்றால் மன்னிப்புக் கேட்கலாம். இது பொய்யே இல்லை, பழக்கம். சீருடை வந்து ஆள் இருக்கா என்று கேட்டால் எங்கடை வாய்க்கு ஒரு பதில்தான் தெரியும். அப்பாவைக் கேட்டபோதும் அதைச் சொன்னோம், அண்ணையைக் கேட்டபோதும் அதைச் சொன்னோம், கட்டின புருஷனைக் கேட்டபோதும் நான் வாசலில் நின்று அதைத்தான் சொன்னேன். அப்போது அந்தச் சொல் உயிரைக் காத்தது. அவன் தலையை ஆட்டிவிட்டு, எங்களுக்கு இரண்டு பெட்டி பிஸ்கட்டையும் இறக்கிவிட்டு, அடுத்த ஊருக்குப் புறப்பட்டான். உழவு மெசின் சத்தம் தூரப் போகப் போகத்தான் எனக்கு அறிவு வந்தது. சாக்குக்குள் கையை விட்டேன். அரிசிக்குள் அகப்படவில்லை. இரண்டு கையாலும் அள்ளி நிலத்தில் கொட்டினேன். "அக்கா, உங்களுக்கென்ன விசரோ? கிடக்கிறதே ஒரு சாக்கு!" என்று எங்கடை சங்கச் செயலாளர் கத்தினா. குமிழைத் திருகினேன்.

"...கேக்குதோ? தங்கச்சி, சத்தம் கேக்குது, உழவு மெசின் சத்தம். வள்ளமோ? இடுப்புக்கு வந்திட்டுது. தங்கச்சி, கேக்குதோ? அண்ணை கதைக்கிறன். வீட்டிலை நிக்கிறன்."

வோக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு எழும்பினேன். ஓடினேன். ஓட்டம் என்று நான் சொல்கிறேன், பார்த்தவர்கள் என்ன சொல்லுவார்களோ தெரியாது. கணுக்கால் தண்ணீரில், செருப்பும் இல்லாமல், மதவடித் திருப்பத்துக்குக் குறுக்காலே போய், உழவு மெசினுக்கு முன்னால் நடு ரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். மூத்தவன் இறங்கி வந்தான். "ஆள் இருக்கு" என்ற இரண்டு சொல் வரவில்லை. கடைசியில் அரிசி ஒட்டிக்கொண்டிருந்த வோக்கியை அவன் கையில் வைத்தேன். அண்ணை அதுக்குள் இருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒரு காலத்தில் என்னைக் கொன்றாலும் செய்திருக்க மாட்டேன் என்ற காரியம் அது.

அவன் கட்டையை அமத்தித் தன்ரை சிங்களத்தில் ஏதோ கேட்டான். அண்ணை குரலை மாற்றிக்கொள்வார், அணைத்துவிடுவார் என்றே நான் நினைத்தேன். நான் என்றால் அணைத்திருப்பேன். ஆனால் அண்ணை அதே பாஷையில் பதில் சொன்னார். காங்கேசன்துறைக் குழியில் கூட வேலை செய்தவர்களிடம் பழகிய பாஷை. நாற்பது வருடமாக அவர் வாயில் அதை நான் கேட்டதில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்திருந்தேன். நீளமாகச் சொன்னார். தாம்போதி, தென்னை, நீலத் தகரம் என்று ஊர்ச் சொற்கள் மட்டும் இடைக்கிடை எனக்கு விளங்கின. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "இல்லை சொன்னது?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. நான் குனிந்து கொண்டேன்.

மத்தியானத்துக்குள் அண்ணையைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள், இரண்டு ஆட்டோடு. மூன்றாவது போய்விட்டது. ஒரு சாக்கைப் போர்த்துக்கொண்டு மண்டபத்து வாங்குப் பலகையில் இருந்து கஞ்சி குடித்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. "ஏன் பறையாமல் கிடந்தனி?" என்று கேட்டார். சுற்றிவர ஊர் முழுக்க நின்றது. நான் சங்கத் தலைவி, நான் தெரிந்தெடுத்த வோக்கி.

"பற்றரி போச்சு அண்ணை," என்றேன். "உது பற்றரி நிக்காத சாமான்."

"ஓ," என்றார். அதோடு விட்டார். ஆனால் அடுத்த நாள் என்ரை வோக்கியைத் தரச் சொல்லிக் கேட்டு, மூடியைத் திறந்து, அந்தப் பற்றரிகளை எடுத்துத் தன்ரை ரோச் லைற்றில் போட்டார். செத்துவிட்டது என்று நான் சொன்ன பற்றரி. அந்த ரோச் லைற் தைப்பொங்கல் வரைக்கும் எரிந்தது. ஒவ்வொரு மாலையும் என்ரை வாசலில் வந்து நின்று அதை ஒருதரம் என்ரை முகத்துக்கு அடித்துவிட்டு, "நல்ல வெளிச்சம், என்ன?" என்பார். அவ்வளவுதான். பங்குனியில், நோய் நொடி இல்லாமல், நித்திரையில் போனார். கடைசி வரையும் நான் வாய் திறக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

நான் சொன்ன அந்தச் சொல் மட்டும் ஊரில் நின்றுவிட்டது. அந்த வோக்கிக்குப் பற்றரி நிற்காதாம் என்று சின்னன் முதல் பெரிசு வரை கதைத்தார்கள். இந்த வருடம் மாரிக்கு முதல் விதானையார் கூட்டம் வைத்தா. பழசை எறிந்துவிட்டுப் புதிதாக எடுப்போம் என்று பேச்சு. அதே வியாபாரி, அதே பல். இந்த முறை கலர் வோக்கி மட்டும், கரண்டில் செருகிச் சார்ஜ் போடுகிறது. "அம்மாதானே சொன்னவ, பழசு சரிவராதெண்டு," என்று எனக்கே என்னைச் சாட்சியாகக் காட்டினான். அண்ணையின் வீட்டில் இப்போது ஒரு இளங்குடும்பம் இருக்கிறது. கைக்குழந்தை ஒன்று. மூன்று நாள் கரண்ட் இல்லாமல் போனால் அந்தக் கலர் வோக்கி அவர்களுக்கு என்ன செய்யும்? நான் மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன்.

"அதிலை பழுதில்லை. பற்றரி போகேல்லை. ஆமியைக் கண்டு நான்தான் அணைச்சு அரிசிச் சாக்குக்கை ஒளிச்சனான். அங்காலை ஆளில்லை எண்டு சொன்னதும் நான்தான்."

செயலாளர்தான் முதலில் வாய் திறந்தா. "அதுதானே பாத்தன்! ஒரு சாக்கு அரிசியை நிலத்திலை கொட்டிப் போட்டு எங்களைக் கூட்ட விட்டனீங்கள்." சிலர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. விதானையார் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தா. "ஏனம்மா? அவை உதவிக்கெல்லோ வந்தவை?" என்று கேட்டா. அவ பிறந்து வளர்ந்த காலம் வேறு. பின் வாங்கில் இருந்த என்ரை வயதுப் பெண்கள் ஒருத்தரும் நிமிரவில்லை. ஒருத்தி மட்டும் மெல்லமாக, "நானெண்டாலும் ஒளிச்சிருப்பன், பிள்ளை," என்றாள்.

பழசையே வைத்துக்கொள்வது என்று தீர்மானம் ஆனது. அண்ணையின் வோக்கி அந்தக் குழந்தை வீட்டுக்குப் போனது. நான் இன்னொன்றும் சொன்னேன். அதே கறுத்தப் பெட்டியில் நான்காவது ஒன்று வேண்டும், அது வள்ளம் வைத்திருக்கிறவன் கையில் இருக்கவேண்டும். மூன்று வோக்கியிலும் நாங்கள் எங்களுக்குள் கதைத்துக்கொண்டிருந்தால் வள்ளம் எப்படி வரும்? விதானையார் கச்சேரியில் கதைத்து அதுக்கும் கடிதம் எடுத்தா. "நான் கொண்டுபோய்க் குடுக்கிறன் அம்மா," என்றா. விடுவேனா? ஆரின் கைக்குப் போகிறது என்று நான் பார்க்கவேண்டும்.

போன கிழமை நானே போனேன். ஆமி முகாம் வாசலில் நின்றவன் கொப்பி ஒன்றை நீட்டிக் கையெழுத்துக் கேட்டான். "முதல்லை நீங்கள் போடுங்கோ, தம்பி, வோக்கியைக் கையிலை வேண்டினதெண்டு," என்று என்ரை கடிதத்தை நீட்டினேன். அவன் சிரித்துக்கொண்டு போட்டான். அவன்ரை பாஷையில் என்ன எழுதினான் என்று எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனாலும் மடித்துப் பேர்சுக்குள் வைத்தேன். குமிழைத் திருகுவது, கட்டையை அமத்துவது, ஆர், எங்கே என்று முழுதாகச் சொல்லுவது எல்லாவற்றையும் கையால் காட்டிவிட்டு நடந்தேன். திருப்பம் தாண்டி, பனைகளுக்கு இங்கால் வந்து, அவன் என்னைக் காணாத இடத்தில் நின்று என்ரை வோக்கியைத் திருகினேன். நான் போனவுடன் அவன் அணைத்திருப்பான் என்றுதான் நினைத்தேன். என்ரை முழுப் பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், ரோட்டில் நிற்கிறேன் என்றும் சொன்னேன்.

"கேக்குது அம்மா," என்றது பெட்டி.

அவனை நம்பிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் வீடு வந்து சேரும் வரைக்கும் அதை நான் அணைக்கவில்லை.